ஏரல் பஸ் ஸ்டாப்பில் நான் அழவில்லை

கடந்த ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு, ஏரல் பஸ் ஸ்டாப்பில் நான் ஒரு சலவைக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுததாக ஒரு செய்தி உலவுகிறது.

திருநெல்வேலி ஜங்ஷனில் மூன்று பேர் இதைப் பற்றி என்னிடமே கேட்டுவிட்டார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு வாசகர் போன் போட்டு ஆறுதல் சொன்னார். உவரிக்கு மீன் வாங்கப் போன என் பழைய ஆபீஸ் நண்பர், அங்கே கடற்கரையில் ஒருவர் இதைச் சொல்லக் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார்.

மறுக்கிறேன். கிழமை சரி. நேரம் சரி. கல்லும் சரி. அழுகை மட்டும் தவறு.

நடந்தது என்ன? வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

வைகாசியிலேயே என் கண்ணில் மணல் விழுந்தது. நிஜ மணல் இல்லை. இமைக்குள் யாரோ தாமிரபரணி மணலை ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் போன மாதிரி ஒரு உறுத்தல். நம்மூர் மேல்காற்று தொடங்கியதும் அது இரண்டு சிட்டிகை ஆனது. கூடவே தண்ணீர். பேப்பர் படித்தால் தண்ணீர், பஸ்ஸில் போனால் தண்ணீர், காய்கறி வாங்கப் போனால் தண்ணீர். வெங்காயக் கடைக்காரர், ‘நான் இன்னும் வெங்காயத்தை உரிக்கவே இல்லையே’ என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா கண்ணுக்குள் ஒரு காகிதத் துண்டைச் சொருகிக் கடிகாரம் பார்த்தார். பிறகு, ‘உங்களுக்குக் கண் காய்ந்துபோயிருக்கிறது’ என்றார்.

காய்ந்த கண்ணில் எப்படித் தண்ணீர் வழியும்? கேட்டேன். கண் காய்ந்தால் உள்ளே பதற்றம் வந்து குழாயை மொத்தமாகத் திறந்துவிடுமாம். வருவது வெறும் தண்ணீர். எண்ணெய்ப் பசை இல்லாததால் நிற்காமல் வழிந்துவிடுமாம். நீங்கள் படிக்கும்போது இமைக்கிறீர்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் மனைவி ஆவுடையம்மாளைக் கேட்டோம்.

‘‘பல்லி மாதிரி இருப்பாக டாக்டர்’’ என்றாள்.

முப்பது வருஷம் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. காற்று எந்தத் தேதியில் தொடங்கியது, அணையில் எப்போது தண்ணீர் திறந்தார்கள், எதிர்வீட்டு வேம்பு என்றைக்குப் பூத்தது — எல்லாம் நோட்டில் ஏறும். இப்படிப்பட்ட ஒருவனைப் பார்த்து அந்த டாக்டரம்மா, ‘கண் வறட்சிக்கு ஒரு களிம்பைச் சோதனை செய்கிறோம், நீங்கள் சேர்கிறீர்களா? தினமும் டைரி எழுத வேண்டியிருக்கும்’ என்று கேட்டால்?

பசித்தவனிடம் இலை போடவா என்று கேட்பதா?

சோதனையைக் கவனித்துக்கொண்டவர் பர்வீன் என்ற பெண். மேலப்பாளையத்துக்காரர். ஒப்புதல் படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலையும் வைத்தார். நான் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் ஏழாம் பக்கத்தில் இருந்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்துக் கொடுத்தேன். கையெழுத்துக்குக் கீழே தேதி, கிழமை, மணி எல்லாம் எழுதினேன்.

‘‘இதுவரைக்கும் யாரும் இத முழுசாப் படிச்சதில்ல சார்’’ என்றார் பர்வீன். பாராட்டு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

களிம்பு டியூபில் பெயர் கிடையாது. சிலருக்கு மருந்துள்ள களிம்பு, சிலருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கீழ் இமையை இழுத்து, உள்ளே ஓர் அரிசி நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. எந்த நேரம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுத்தால் மாற்றக் கூடாது. நான் எட்டரை என்று எழுதிக் கொடுத்தேன்.

போட்டதும் அரைமணி நேரத்துக்கு உலகம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பலகாரம் மாதிரி தெரியும். இந்த அரைமணியில் நான் செய்தவை: பக்கத்து வீட்டு மதிலில் காய்ந்த மழைக்கோட்டுக்கு வணக்கம் சொன்னேன். அது பதில் சொல்லாததால் அந்த வீட்டுக்காரர் மேல் இரண்டு நாள் வருத்தமாக இருந்தேன். இட்லிக்குச் சட்னி என்று நினைத்து என் மனைவி அரைத்து வைத்திருந்த மருதாணியை ஊற்றிக்கொள்ளப் போனேன்.

ஆனால் டைரி? அதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. உறுத்தல், எரிச்சல், நீர் வடிதல், மங்கல் — ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை ஒரு எண் போட வேண்டும். அவ்வளவுதான். நான் முதல் வாரம் நாற்பது பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பர்வீன் புரட்டிப் பார்த்தார். ‘‘சார், உறுத்தல் ரெண்டே முக்கால்னு போட்டிருக்கியளே... முக்கால் கெடையாது சார். ரெண்டு, இல்லன்னா மூணு.’’

மூன்று என்றால் மிகை. இரண்டு என்றால் பொய். உண்மை நடுவில்தானே இருக்கிறது?

‘‘அப்பம் எம்புட்டு பொய்னாலும் பரவால்ல சார், முழுசாச் சொல்லுங்க’’ என்றார்.

இந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதுதான் எங்கள் மகள் கோமதிக்குக் கல்யாணம் முடிவானது. ஆவணியில் முகூர்த்தம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தாய்மாமன்தான் பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டி வர வேண்டும். ஆவுடைக்கு ஒரே ஒரு தம்பி. இசக்கிமுத்து. ஏரலில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறார்.

அவர் என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. என்னால் அக்காவோடும் பேச்சு நின்றுபோயிருந்தது.

காரணம், ஒரு தேதி.

என் மாமனார் இறந்தது அதிகாலை இரண்டு மணிக்கு. அவர் நினைவாக இசக்கிமுத்து ஏரலில் ஒரு பயணியர் நிழற்குடை கட்டினார். சுவரில் சலவைக்கல், அதில் மாமனார் பெயர், தோற்றம், மறைவு. திறப்பு விழாவில் என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். நான் கல்லைப் பார்த்தேன். மறைவுத் தேதி ஒரு நாள் முன்னால் இருந்தது. நள்ளிரவு பன்னிரண்டு தாண்டினால் தேதி மாறிவிடும் அல்லவா? பதிவேட்டில் அடுத்த நாள் தேதிதான். எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது அந்த ஊர் என் ஆபீஸ் எல்லைக்குள் இருந்தது. அந்தப் பதிவை எழுதியது என் கை.

வேறு யாராக இருந்தாலும் மாலையைப் போட்டுவிட்டு இறங்கியிருப்பார்கள். நான், ‘இந்தக் கல்லில் ஒரு சிறு பிழை இருக்கிறது’ என்று மைக்கில் தொடங்கினேன். சட்டைப் பையிலிருந்து சான்றிதழ் நகலையும் எடுத்துக் காட்டினேன். (ஏன் எடுத்துப் போயிருந்தேன் என்று கேட்காதீர்கள். எப்போதும் எடுத்துப் போவேன்.)

இசக்கிமுத்துவின் கணக்கு வேறு. நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். இரண்டு மணி என்றால் அது முந்தின நாள் ராத்திரியின் மிச்சம். திவசமும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அதுவும் நியாயம்தான். இப்போது தெரிகிறது. அன்றைக்கு மைக் கையில் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அவர் என்னிடம் வந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

‘‘அத்தான், நீங்க எங்க அப்பாவப் பதிவேட்டுல பாத்திய. நான் மடியில வச்சிருந்தேன்.’’

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் குரலை நான் கேட்கவில்லை. (எந்தத் தேதி என்று இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.)

இந்த ஆறு வருஷத்தில் ஆவுடை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பொங்கலுக்கு மட்டும், தம்பி கொடுத்து அனுப்பும் வாழைத்தார் தொங்க வேண்டிய இடத்தை ஒரு தடவை பார்ப்பாள். நான் அதை நோட்டில் எழுதவில்லை. எழுத எத்தனையோ விஷயம் இருந்தது...

பத்திரிகை வைக்கக் கிளம்பும் நாளுக்கு முந்தின மாலை எனக்கு வகுப்பு நடந்தது.

‘‘அங்கன வந்து நீங்க வாயத் தொறக்கப்பிடாது. பத்திரிகையக் குடுக்கணும், காப்பியக் குடிக்கணும், எந்திரிக்கணும். தேதின்னு ஒரு சொல்லு உங்க வாயில வந்துச்சு... நான் எந்தம்பி வீட்டுலயே இருந்துக்கிடுவேன்.’’

பத்திரிகையிலேயே கல்யாணத் தேதி இருக்குமே என்றேன்.

‘‘அத அவன் வாசிச்சுக்கிடுவான்.’’

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பத்திரிகைத் தாம்பாளத்தைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாம்பாளம் மூன்றாவது தடவையாகத் துடைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் பஸ். ஜன்னல் ஓரம் நான். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. வயல் தாண்டி, வாழைத்தோப்பு தாண்டி, நேராக என் கண்ணுக்குள் வந்து இறங்கியது. எட்டரை ஆனது. பையிலிருந்து டியூபை எடுத்தேன்.

‘‘பஸ்லயா?’’ என்றாள் ஆவுடை.

நேரத்தை மாற்றக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே! இமையை இழுத்தேன். அரிசி நீளத்துக்குப் பிதுக்கப் போகும் அந்தக் கணத்தில் டிரைவர் ஒரு ஸ்பீடு பிரேக்கரைப் பார்க்காமல் ஏற்றி இறக்கினார். அரிசி இல்லை... புடலங்காய் நீளத்துக்கு வந்தது. ஒரு கண்ணுக்கு அப்படி என்றால் மறு கண்ணுக்கும் அதே அளவு போடுவதுதானே முறை? போட்டேன்.

அந்த அளவுக்கு அரைமணி நேரம் போதவில்லை. ஏரலில் இறங்கும்போதும் எனக்கு வானம் தெரிந்தது, பூமி தெரிந்தது. நடுவில் இருந்தது எதுவும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் களிம்பு உருகிக் கன்னத்தில் இறங்குகிறது. காற்றுக்கு வந்த தண்ணீர் அதோடு சேர்ந்து தாடை வரைக்கும் ஒழுகுகிறது. நான் கையை நீட்டித் துழாவி ஒரு சுவரைப் பிடித்தேன். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தது.

ஆம். அந்தக் கல்தான். பஸ் நிற்கும் இடமே அந்த நிழற்குடைதானே!

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் இந்தப் பத்தியை எழுதுவதே இதற்காகத்தான். நான் ஏன் கல்லின் மேல் முகத்தை வைத்தேன்? தேதியைத் திருத்திவிட்டார்களா என்று பார்ப்பதற்கு. கண் தெரியவில்லை. அதனால் நெருங்கினேன். இன்னும் தெரியவில்லை. இன்னும் நெருங்கினேன். மூக்கு கல்லில் இடித்தது. பிறகு விரலால் எழுத்தைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டு போனேன். மற்றக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்கையும் உறிஞ்சினேன், கண்ணில் போட்ட மருந்து மூக்கில் இறங்கும், படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

எதிரே இசக்கிமுத்துவின் மண்டி. வாசலில் லாரிக்குத் தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

ஏற்றும் சத்தம் நின்றது. யாரோ நடந்து வரும் சத்தம். என் தோளில் ஒரு கை.

‘‘அத்தான்... போதும், விடுங்க. பழசெல்லாம் எதுக்கு?’’

ஆறு வருஷம் கழித்துக் கேட்கும் குரல். நான் திரும்பினேன். மங்கலாக ஒரு வெள்ளைச் சட்டை. ‘இல்லை மாப்பிள்ளை, இது வந்து...’ என்று தொடங்கினேன். பிழையைப் பார்த்தால் திருத்தாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. வாக்கியத்தின் மூன்றாம் சொல்லில் என் முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு விழுந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஆவுடை என்னைக் கிள்ளியது அதுதான் முதல் தடவை. கன்றிய இடம் பதினோரு நாள் இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன். அடுத்து ஒரு சத்தம் கேட்டது. அக்காளும் தம்பியும் அழுகிற சத்தம். அது நிஜ அழுகை. அதற்கு நான் சாட்சி.

வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பத்திரிகை வைத்தோம். காப்பி வந்தது. பிறகு சாப்பாடு. அந்த மூன்று மணி நேரத்தில் நான் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். முதலில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இசக்கிமுத்து, ‘அத்தான் கல்லைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார்’ என்றார். அடுத்து வந்தவருக்கு, ‘அழுதுவிட்டார்.’ சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு, ‘கட்டிப்பிடித்து அழுதார்.’ பாயசம் பரிமாறும்போது நான் கல்லில் தலையை மோதிக்கொண்டிருந்தேன். என் மூக்கு நுனி சிவந்திருந்ததை ஆதாரமாகக் காட்டினார்கள்.

நூல்களில் படித்திருக்கிறேன் — வரலாறு எப்படித் திரிகிறது என்று. அது என் கண்ணெதிரே, என்னைப் பற்றியே, ஒரு வேளைச் சோற்றுக்குள் திரிவதைப் பார்த்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். எதிரே ஆவுடை தம்பியின் இலையில் இன்னொரு கரண்டி அவியல் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ‘போதும்க்கா’ என்கிறார். அவள் கேட்கவில்லை.

நான் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். பர்வீன் டைரியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு நேராக, நீர் வடிதல்: 4. முழு எண். அவருக்கே ஆச்சரியம். ஆனால் நான்கு என்றால் அதற்குத் தனிப் படிவம் உண்டாம். காரணம் எழுத வேண்டும். மருந்தினாலா, வேறு காரணமா?

நடந்ததை எல்லாம் சொன்னேன். ஸ்பீடு பிரேக்கர், காற்று, கல், கிள்ளு. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, ‘‘சார், கோவிச்சுக்கிடாதிய. அந்தக் கல்லத் தடவும்போது உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லியா?’’ என்று கேட்டார்.

தேதி மாறவில்லை என்பது விரலுக்குத் தெரிந்தது என்றேன். அவர் காத்திருந்தார். தேதிக்கு முன்னால் பெயர் இருந்தது. முன்பெல்லாம் நான் ஏரலுக்கு எப்போது போனாலும், பஸ் வரும் நேரத்துக்கு அதே இடத்தில் எனக்காக வெயிலில் நின்றுகொண்டிருந்தவரின் பெயர். விரல் அதில் கொஞ்சம் மெதுவாகத்தான் போனது.

‘கொஞ்சம் இருந்தது’ என்றேன்.

‘‘அதுக்கு இதுல கட்டம் கெடையாது சார்’’ என்று சொல்லிவிட்டு, ‘மருந்து அளவு கூடியது’ என்பதில் டிக் அடித்தார்.

எட்டு வாரம் முடிந்தது. உறுத்தல் மூன்றிலிருந்து ஒன்றுக்கு வந்திருக்கிறது. எனக்குக் கொடுத்தது மருந்துதானா, வெறும் களிம்பா என்று எல்லோருக்கும் சோதனை முடிந்த பிறகுதான் சொல்வார்களாம். எனக்கென்ன, இப்போது பேப்பரைத் துடைக்காமல் படிக்கிறேன். இமைக்கவும் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு தடவை.

ஆவணியில் கல்யாணம். இசக்கிமுத்து இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். வாசலில் கட்டிய வாழை இரண்டும் அவர் தோப்பு. கோமதியை அவர் கைபிடித்து அழைத்து வந்தபோது ஆவுடையின் முகத்தைப் பார்த்தேன். களிம்பு எதுவும் போடாத கண். நன்றாகத் தெரிந்தது.

ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் பாக்கி இருந்தது. இது மணல் உறுத்தல் இல்லை. ஒருவர் என்னை மன்னித்திருக்கிறார். அந்த மன்னிப்புக்கு ஆதாரம் ஒரு களிம்பு. பதிவேட்டில் ஒரு பொய்யான வரி இருந்தால், அதற்குக் கீழே எழுதிய எந்த வரி நிற்கும்? கடைசிப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆவுடை மண்டபத்தின் மறுகோடியில் இருப்பதை உறுதி செய்துகொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேதியைப் பார்க்கத்தான் கல்லுக்குக் கிட்டே போனேன் என்பதையும் சொன்னேன்.

இசக்கிமுத்து சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவசரமே இல்லை. ஒரு வாய் சாப்பிட்டார்.

‘‘ரெண்டு கண்ணுலயும் வெண்ண மாதிரி வழிஞ்சிக்கிட்டு நின்னிய. அழுதா அப்படியா வரும் அத்தான்? எனக்கென்ன கண்ணு தெரியாதா?’’

பிறகு எதற்கு ஊரெல்லாம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

‘‘அக்கா மவளுக்குக் கல்யாணம்னு ஒரு மாசத்துக்கு முன்னயே தெரியும். நீங்க எப்ப வருவியன்னு தெனமும் அந்த பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருந்தேன். சும்மா எந்திரிச்சு வந்து கையப் புடிக்க முடியுமா? மண்டியில பத்துப் பேரு நிக்கான். அவனுவளுக்கு ஒரு காரணம் சொல்லணும்லா?’’

திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை.

பாயசம் வந்தது. இசக்கிமுத்து இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் பைய வந்தார்.

‘‘அத்தான், அந்தக் களிம்புல எனக்கு ஒரு டியூப் வாங்கித் தருவியளா? எங்க பெரியப்பா மவன்கூட நான் பேசி ஒம்பது வருசமாச்சு.’’

இசக்கிமுத்துவுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. கண்ணாடிகூடப் போடுவதில்லை.